மூடியை மூடியது யார்?

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார். முதல் வாய் இன்னும் உள்ளே போகவில்லை.

"சார்... சார்... சீக்கிரம் வாங்க சார்! எங்க டைரக்டர் குளிர் ரூம்ல விழுந்து கிடக்கறார்... மூச்சு இல்ல சார்!"

பெண் குரல். அழுகையும் பதற்றமும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன.

"யாரும்மா பேசறது? எங்கேயிருந்து?"

"மருந்து ஆராய்ச்சிக்கூடம் சார். மேம்பாலத்துக்குக் கீழ, கண்ணாடிக் கட்டடம். உள்ள போகாதீங்கன்னு கத்தறேன், ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க! போனா அவங்களும் விழுந்துடுவாங்க சார்!"

டப்பா மூடப்பட்டது.

"ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போலாமே சார். பொணம் எங்கே ஓடிடப் போகுது?" என்றான் மீசை.

மீசை, இன்ஸ்பெக்டரின் உதவியாளன். அவன் முகத்தில் மருந்துக்கும் மீசை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏதோ பந்தயத்தில் தோற்று மழித்துக்கொண்டான். மீசை போய்விட்டது. பெயர் ஒட்டிக்கொண்டது.

"பொணம் ஓடாது. மத்தவங்க ஓடுவாங்க. ஜீப்பை எடு!"

*

சின்ன அறை. ஜன்னல் இல்லை. நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஓர் எஃகுத் தொட்டி, தலையணை கனத்துக்கு மூடி.

தொட்டியின் காலடியில் அவர்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். வெள்ளைக் கோட்டு. கைகளில் முழங்கை வரை தடித்த உறை. உதடுகள் நீலம். முகத்தில் மட்டும் வலியின் சுவடே இல்லை. சொல்லப்போனால்... லேசாகச் சிரித்துக்கொண்டிருப்பது போல இருந்தது!

பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட். பிளீச்சிங் நெடி மூக்கைத் துளைத்தது. உள்ளே சுண்டு விரல் அளவுக் குப்பிகள் மிதந்தன. எல்லாம் வெள்ளை மூடி.

"இப்ப உள்ள வரலாம் சார். காத்தோட்டம் விட்டாச்சு."

போனில் கேட்ட அதே குரல். முப்பது வயதுப் பெண், அழுது வீங்கிய கண்கள். டைரக்டருக்கு அடுத்தபடியாக வேலை பார்க்கும் ஆராய்ச்சியாளர். உயரம் குறைவு என்பதால் ஆராய்ச்சிக்கூடமே அவளைக் குட்டி டாக்டர் என்றுதான் அழைத்தது.

"எப்படிம்மா செத்தார்?"

"நைட்ரஜன் சார். தொட்டியைக் குளிரா வெச்சிருக்கறது அதுதான். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ரூம்ல நிறைஞ்சுட்டா நல்ல காத்தை வெளிய தள்ளிடும். ரெண்டு மூச்சு... அவ்வளவுதான். மூச்சு முட்டறதுகூடத் தெரியாது."

"எச்சரிக்கை ஒண்ணும் கிடையாதா?"

அவள் சுவரைக் காட்டினாள். அலாரப் பெட்டி. விளக்கு எரியவில்லை.

"அணைச்சிருக்கு சார். அதுக்குச் சாவி டைரக்டர்கிட்ட மட்டும்தான் உண்டு. இங்க தனியா வரவே கூடாது, கதவுக்கு ரப்பர் கட்டை முட்டுக் குடுத்துத் திறந்தே வெச்சிருக்கணும்... இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே அவர்தான்."

"சொல்லிக் குடுக்கறவங்க என்னைக்குப்பா அதைச் செஞ்சிருக்காங்க?" மீசை முணுமுணுத்தான். "விபத்து சார். எழுதிடவா?"

குட்டி டாக்டர் அவனைக் கவனிக்கவில்லை. தொட்டியிடம் போய் மேல் மூடியைத் தடவினாள்.

"நல்லவேளை... இது மூடியிருந்துச்சு. திறந்து கிடந்திருந்தா உள்ள இருக்கற மத்த செல்லெல்லாம் உருகிச் செத்திருக்கும்."

உறை மாட்டிக்கொண்டு மூடியைத் தூக்கினாள். வெண்புகை பொங்கி விளிம்பைத் தாண்டி வழிந்தது. விலகியது.

"ஐயோ!"

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார்.

உள்ளே, எஃகு அடுக்குகளின் மேல்... ஒரு மூக்குக்கண்ணாடி. பனி பூத்து, வெள்ளையாக!

அவர் மெல்லக் குனிந்து இறந்தவரின் முகத்தைப் பார்த்தார். மூக்கின் இரு பக்கமும் கண்ணாடி பதிந்த தழும்பு.

"குனிஞ்சு நின்னப்போ மயங்கியிருக்கார். கண்ணாடி தொட்டிக்குள்ள விழுந்திருக்கு. அப்போ மூடி திறந்திருந்துச்சு!"

"ஆமா சார்..."

"இப்ப மூடியிருக்கு. செத்தவர் எழுந்து மூடிட்டு, மறுபடி போய்ப் படுத்துக்கிட்டாரா?"

மீசை பேனாவை மறுபடி எடுத்தான்.

வெளியே நடைபாதையில் மேலும் இரண்டு விஷயங்கள் காத்திருந்தன. கதவுக்கு முட்டுக் கொடுக்கும் ரப்பர் கட்டை சுவரோரம் உருண்டு கிடந்தது. அதற்கு மேலே நைட்ரஜன் குழாயின் திருகு. திருகைச் சுற்றி சுவரெல்லாம் ஈரம்.

"இதை முழுசாத் திறந்துவிட்டு, அப்புறம் மூடியிருக்காங்க சார்" என்றாள் குட்டி டாக்டர், குரல் உள்ளே போய். "குழாயோட மறுமுனை ரூமுக்குள்ள... தரையில கிடக்குது."

கொலை!

*

மீசை கட்டடத்தைச் சுற்றிவிட்டு மூச்சு வாங்க வந்தான்.

"பின் கதவு பூட்டாம இருக்கு சார். உள்பக்கமாத் திறந்திருக்காங்க. அந்தக் கதவுக்குப் பக்கத்துலயே டைரக்டரோட காரு. டிக்கில ஸ்டெப்னி, ஒரு குடை, ஒரு பெரிய ஃபிளாஸ்க். மூடி வேற லூசு. படிச்ச மனுஷன், எந்தக் கடையில போய் ஏமாந்தாரோ!"

"காரை ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போகச் சொல்லு. அந்தக் குட்டி டாக்டர் எங்கே?"

அவள் வளர்ப்பு அறையில் இருந்தாள். கண்ணாடித் தடுப்புக்குள் கைகளை மட்டும் நுழைத்து, இளஞ்சிவப்புத் திரவத்தை ஒரு குடுவைக்குள் ஊற்றிக்கொண்டிருந்தாள். கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது. கை பாட்டுக்கு வேலை செய்தது.

"பொணம் விழுந்த வீட்டுல சமையலா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சிட்டுவுக்குச் சாப்பாட்டு நேரம் சார்."

"யாரு சிட்டு?"

"இந்த செல்லுதான். டைரக்டர் சார் வெச்ச பேரு. காலையில வந்ததும் வணக்கம்கூடச் சொல்ல மாட்டார். 'சிட்டு சாப்பிட்டாளா?'ன்னுதான் கேப்பார்." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சாயங்காலம் இதையும் கொட்டிடணும். அதுவரைக்கும் பட்டினி போட மனசு வரல."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா. என்ன செய்யறீங்க இங்க?"

"கைவிலங்கு செய்யறோம் சார்."

மீசை இடுப்பில் தொங்கிய விலங்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"உடம்புக்குள்ள கிருமி வந்தா, அதைப் பிடிச்சுக் கட்டிப்போட உடம்பே ஒரு விலங்கு செய்யும். அதுக்குப் பேருதான் ஆன்டிபாடி. குழந்தைங்களைத் தாக்கற ஒரு மூளைக் காய்ச்சல் இருக்கு. அதுக்கு ரொம்பக் கச்சிதமான விலங்கை ஒரு குழந்தையோட ரத்தம் செஞ்சிருந்துச்சு. அந்தச் செய்முறையை அப்படியே எடுத்து வேற ஒரு செல்லுக்குள்ள வெச்சாங்க. இப்ப இந்த செல்லு பெருகிப் பெருகி அதே விலங்கைச் செஞ்சு தள்ளுது. வடிகட்டினா மருந்து."

"அந்தக் குழந்தை?"

"பொழைக்கல சார். அவ உடம்பு விலங்கைச் செஞ்சு முடிக்கறதுக்குள்ள... நேரம் பத்தல. ஆனா இந்த மருந்து ஏத்தின குழந்தைங்கள்ல முக்கால்வாசி எழுந்து நடந்துச்சுங்க."

"அப்புறம் எதுக்குக் கொட்டணும்?"

"அந்தக் காய்ச்சல் வர்றவங்க கம்மி. வர்றவங்களும் இல்லாதப்பட்டவங்க. கம்பெனி கடையைக் கட்டச் சொல்லிடுச்சு. உறைய வெச்சிருக்கற சிட்டுவையும் பிளீச்சிங்ல போட்டு அழிச்சுடணும், வேற யாரும் எடுத்துச் செஞ்சுடக் கூடாதுன்னு உத்தரவு. அதுவும் டைரக்டர் கையாலேயே."

"அவர் என்ன சொன்னார்?"

"தலையாட்டினார் சார்!" குரல் உடைந்தது. "ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. அப்போ எனக்கு அவர் மேல வந்த கோபம்..."

சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் அவளையே பார்த்தார்.

"மத்தியானம் எல்லாரும் மீட்டிங்ல இருந்திருக்காங்க. நடுவுல எழுந்து வெளிய போனது நீங்க ஒருத்தர் மட்டும்தான். எங்க போனீங்க?"

"போன் பேச..."

"யார்கிட்ட?"

அவள் குடுவையை ஓரமாக நகர்த்தினாள்.

"ஆபீஸ் விஷயத்தை வெளிய சொன்னா வேலை போயிடும் சார்..."

"சொல்லலேன்னா வேற இடத்துக்குப் போவீங்க."

"டைரக்டர் சார் வீட்டுக்கு. எதிர்ல குவார்ட்டர்ஸ்லதான் இருக்காங்க. அவர் சம்சாரத்துக்கிட்ட... 'சார் சிட்டுவை அழிக்கறதுக்காகக் குளிர் ரூமுக்குப் போயிட்டார், நீங்களாவது தடுங்கம்மா'ன்னு சொன்னேன். ஒண்ணும் பேசாம வெச்சுட்டாங்க."

"அவங்களுக்கு இந்த வேலையெல்லாம் தெரியுமா?"

"தெரியாதுன்னுதான் நினைக்கறேன். இந்த வாசல்ல ஒரு தடவைகூட அவங்களைப் பார்த்ததில்ல."

"சரி. ஆள் சாகறப்போ, தொட்டி மூடியை மூடணும்னு யாருக்கும்மா தோணும்?"

அவள் யோசிக்கவே இல்லை.

"எங்களுக்குத்தான் சார். செல் வளர்க்கறவங்களுக்கு. ரூமே தீப்பிடிச்சாலும் முதல்ல மூடியைத்தான் மூடுவோம்."

சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவளுக்கே உறைத்தது. முகம் வெளுத்தது. ஆனால் அப்போதும் பாட்டில் மூடி கீழே விழவில்லை. வலது கைச் சுண்டு விரலின் மடிப்பில் அது பத்திரமாக இடுக்கப்பட்டிருந்தது.

"மூடியைக் கீழே வைக்கக் கூடாதா? கை வலிக்காது?" மீசைக்கு எதிலும் சந்தேகம்.

"வெச்சா கிருமி ஒட்டிக்கும். முதல் நாள் கத்துக்கறது இதுதான் சார். அப்புறம் கை மறக்காது. வீட்டுல எண்ணெய் பாட்டிலைக்கூட இப்படித்தான் திறப்பேன். எங்கம்மா சிரிப்பாங்க."

*

மறுநாள் காலை. குவார்ட்டர்ஸ்.

கதவைத் திறந்த பெண்மணி அழவில்லை. அழுது முடித்துப் பல காலம் ஆன முகம்.

கூடத்தில் இரண்டு நாற்காலிகள். ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. இரண்டு அறைகள், இரண்டு கட்டில்கள். சமையலறை ஜன்னல் வழியே ஆராய்ச்சிக்கூடத்தின் பின் கதவு பளிச்சென்று தெரிந்தது.

சுவரில் ஒரு படம். எட்டு வயதுச் சிறுமி. முன்பல் இரண்டும் இல்லாத சிரிப்பு. இரட்டைப் பின்னலில் மஞ்சள் ரிப்பன்.

"உங்க பொண்ணாம்மா?"

"ஆமா. சிட்டுன்னு கூப்பிடுவோம்."

மீசை நிமிர்ந்தான். இன்ஸ்பெக்டர் கண்ணாலேயே அவனை அடக்கினார்.

"காய்ச்சல்ல போயிட்டா. ரெண்டு வருஷம் ஆகுது."

"அதுக்கப்புறம் வீட்டுல...?"

"அதுக்கப்புறம் நாங்க பேசிக்கல சார்."

"சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல. பேச ஆரம்பிச்சா அவளைப் பத்திதான் பேசணும். அதனால ரெண்டு பேருமே ஆரம்பிக்கல."

இன்ஸ்பெக்டரின் பாக்கெட்டில் போன் துடித்தது. எடுத்துப் பார்த்தார். வீடு. மகள். திரும்ப உள்ளே வைக்கப் போனார்.

"குழந்தையா?"

"ஆமாம்மா. அப்புறம் பேசிக்கறேன்."

"எடுங்க சார்." அந்தக் குரலில் முதல்முறையாக ஏதோ அசைந்தது. "ரிங் அடிக்கறப்பவே எடுத்துடணும்."

எடுத்தார். "அப்பா! என் ஷூ லேஸ் அறுந்துடுச்சு. நான் எப்படி ஸ்கூலுக்குப் போவேன்? உனக்கு என்ன, நீ பூட்ஸ் போட்டுக்கிட்டுப் போயிட்ட!"

"அம்மா ஷூவோட லேஸை உருவிக்கோடா கண்ணு. அப்பா சாயங்காலம் வாங்கிட்டு வர்றேன்."

வைத்தபோது எதிரே இருந்தவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே மட்டும் சிரிப்பு.

"நேத்து உங்களுக்கு ஒரு போன் வந்ததே?"

"வந்துச்சு. ஏதோ செல்லு, சிட்டுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. எனக்கு அவர் வேலையைப் பத்தி ஒண்ணும் தெரியாது சார். சமையலும் வீடும்தான் தெரியும். இருங்க, தண்ணி கொண்டு வர்றேன்."

வந்தாள். மேஜையில் இரண்டு டம்ளர். கையில் பாட்டில்.

திருகினாள். ஊற்றினாள். பாட்டிலின் வாய் டம்ளரில் படவே இல்லை. ஒரு விரற்கடை தூரத்திலிருந்து, ஒரு சொட்டும் சிந்தாமல்.

மூடி?

மேஜையில் இல்லை.

வலது கைச் சுண்டு விரலின் மடிப்பில், பத்திரமாக!

இன்ஸ்பெக்டர் தண்ணீரைத் தொடவில்லை.

"எந்த லேப்லம்மா வேலை பார்த்தீங்க?"

பாட்டில் அந்தரத்தில் நின்றது. அவள் தன் கையைப் பார்த்தாள். யாரோ முன்பின் தெரியாத ஆளின் கையைப் பார்ப்பது போல.

பிறகு அலுப்போடு உட்கார்ந்தாள்.

"சிட்டுவைச் செஞ்சதே நான்தான் சார்."

"என்னது?"

"அவரோட கம்பெனி இல்ல, ஒரு காலேஜ் லேப். ஆஸ்பத்திரியில அவ படுத்திருந்தப்போ அவ ரத்தத்தை எடுத்துக்கிட்டுப் போய் ராத்திரி பகலா லேப்ல தேடிக்கிட்டிருந்தேன். அவ போன அன்னிக்குத்தான் அந்த ஆன்டிபாடி கையில கிடைச்சுது. காரியம் முடிஞ்ச கையோட திரும்பப் போய் அதை செல்லுக்குள்ள ஏத்தினேன். வளர்ந்துச்சு. குப்பியில போட்டு உறைய வெச்சு அவர் கையில குடுத்துட்டு... அதோட அந்த வேலையை விட்டுட்டேன். கை மட்டும் விடல போல."

"நேத்து என்ன நடந்துச்சு?"

"பின் கதவு திறந்திருந்துச்சு. போனேன். அவர் தொட்டி மேல குனிஞ்சு நின்னார். பக்கத்துல பக்கெட். குப்பியெல்லாம் பிளீச்சிங்ல மிதந்துச்சு. நிமிர்ந்து என்னைப் பார்த்தார் சார். பார்த்து... சிரிச்சார்!"

"சிரிச்சாரா?"

"ரெண்டு வருஷத்துல முதல் தடவையா. போன பொண்ணை மறுபடியும் கொன்னுட்டு இந்த மனுஷன் சிரிக்கறாரேன்னு... எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. 'இரு'ன்னு ஏதோ சொல்ல வந்தார். நான் கேக்கல. ரப்பர் கட்டையை எத்தினேன். கதவு சாத்திக்கிச்சு. குழாயைத் திறந்தேன். தொட்டி நிரம்பற சத்தம்னு நினைச்சிருப்பார். தட்டவே இல்ல. தட்டியிருந்தா..."

விரல் மடிப்பில் இருந்த மூடியைப் பாட்டிலில் வைத்துத் திருகினாள்.

"அப்புறம்?"

"குழாயை மூடிட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உள்ள போனேன். தொட்டி திறந்து கிடந்துச்சு. வேற செல்லெல்லாம் இருக்குமே... யாரு பெத்த பிள்ளைங்களோ. மூடினேன்."

"அவர் கீழே கிடந்தாரே!"

"ஆமா. அவரைத் தாண்டித்தான் போனேன். அவரைத் தூக்கல சார். மூடியை மூடினேன்."

சுவரில் முன்பல் இல்லாத சிரிப்பு மட்டும் நிற்கவே இல்லை.

*

ஸ்டேஷன் வாசல்.

ஜீப்பிலிருந்து இறங்கி அவள் தலைகுனிந்து நடந்தாள். முற்றத்தில் கணவரின் கார் நின்றது. பார்க்காமல் தாண்டினாள்.

மீசை காரின் பின்னால் நின்று காவலரிடம் பொருள்களை ஒப்படைத்துக்கொண்டிருந்தான்.

"ஸ்டெப்னி ஒண்ணு... குடை ஒண்ணு... பெரிய எஃகு ஃபிளாஸ்க் ஒண்ணு, மூடி லூசு. இதை ஒரு அழுத்து அழுத்தி டைட்டா மூடிடலாம்னு பார்க்கறேன்..."

"தொடாதீங்க!"

அலறல் ஸ்டேஷனையே உலுக்கியது.

பெண் காவலரின் பிடியை உதறிக்கொண்டு அவள் ஓடி வந்தாள்.

"இறுக்கி மூடினா வெடிச்சிடும்! லூசாத்தான் இருக்கணும்... அது... அது ஃபிளாஸ்க் இல்ல..."

மீசை கையைச் சுட்டுக்கொண்டவன் போல் பின்வாங்கினான்.

அவள் மூடியைத் தூக்கினாள். வெண்புகை பொங்கி டிக்கியிலிருந்து முற்றத்துக்கு வழிந்தது. நீண்ட கம்பியைப் பிடித்து மெதுவாக, மிக மெதுவாக உயர்த்தினாள்.

நுனியில் ஒரு சின்னக் கூடு. உள்ளே குப்பிகள்.

எல்லாம் மஞ்சள் மூடி!

அவள் கூட்டைக் கண்ணருகே கொண்டுவந்தாள்.

"என்னம்மா இது?" இன்ஸ்பெக்டருக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதி புரியக் கூடாது என்று இருந்தது.

"சிட்டு..." என்றாள். "நான் மஞ்சள் மூடிதான் போட்டேன் சார். அவ ரிப்பன் கலர். பக்கெட்ல மிதந்ததெல்லாம்... வெள்ளை. வெள்ளை மூடி! நான் பார்த்தேனே... கண்ணால பார்த்தேனே... பார்த்தும் மண்டையில ஏறலையே!"

அடுத்தடுத்து எல்லாம் இன்ஸ்பெக்டர் மனதில் தானாகவே அடுக்கிக்கொண்டன.

அவர் ஏன் எதிர்த்துப் பேசாமல் தலையாட்டினார். ஃபிளாஸ்க்கில் நைட்ரஜன் நிரப்பும்போது அலறாதபடி அலாரத்தை அணைத்துவிட்டு ஏன் தனியாக உள்ளே போனார். பக்கெட்டில் ஏன் உதவாத குப்பிகளைப் போட்டுக் கணக்குக் காட்டினார். பின் கதவை ஏன் திறந்து வைத்தார்...

மகளைத் திருடிக்கொண்டு போய் அவள் தாயிடம் கொடுக்க!

அந்தக் கதவு வழியாகத்தான் அவள் உள்ளே போனாள்.

"என்னைப் பார்த்து சிரிச்சாரே..." அவள் காரின் மேல் சாய்ந்து சரிந்தாள். "அதுக்குத்தான் சிரிச்சாரா? 'இரு'ன்னு இதைச் சொல்லத்தான் வந்தாரா? ஏங்க... முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஒரே ஒரு வார்த்தை..."

இரண்டு வருடமாக அடைத்து வைத்திருந்த பேச்செல்லாம் அந்தக் காரோடு பேசினாள்.

கம்பியை மட்டும் அவள் கை விடவில்லை. அழுதபடியே கூட்டை மெல்ல உள்ளே இறக்கியது. மூடியை லூசாக வைத்தது.

*

செய்தி அறிந்து குட்டி டாக்டர் ஓடி வந்தாள். ஃபிளாஸ்க்கைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பக்கெட்ல மிதந்தது வெள்ளை மூடின்னு நானும் கவனிக்கலையே! நேத்து குடுவையில இருந்ததெல்லாம் கொட்டியாச்சு சார். இது ஒண்ணுதான் மிச்சம்."

அவளுக்குப் பின்னாலேயே கம்பெனி வக்கீலும் வந்தார். கோட்டு கசங்காத மனிதர்.

"அது எங்க சொத்து இன்ஸ்பெக்டர். அழிக்கச் சொன்ன சரக்கு. இப்பவே குடுத்துடுங்க, எங்க ஆளுங்க முடிச்சுடுவாங்க."

உள்ளே, கம்பிக்குப் பின்னால் இருந்தவள் எழுந்து நின்றாள். கெஞ்சவில்லை. பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் அந்தக் கண்களைப் பார்த்தார். சட்டைப் பையில் மகளுக்காக வாங்கி வைத்த ஷூ லேஸ் உறுத்தியது. ஃபிளாஸ்க்கைத் தூக்கித் தன் மேஜை மேல் வைத்துக்கொண்டார்.

"இதுவா? இது கொலைக் கேஸோட முக்கியமான தடயம் சார். கோர்ட் தீர்ப்புச் சொல்ற வரைக்கும் நீங்க தொட முடியாது."

"தடயம்னா பூட்டி வைங்க. எப்படியும் காஞ்சு போயிடும்."

"தடயத்தைக் கெடாமப் பாதுகாக்கறது என் கடமை." குட்டி டாக்டரைப் பார்த்தார். "இதுக்கு என்னம்மா செய்யணும்?"

"அப்பப்போ நைட்ரஜன் ஊத்தணும் சார். வத்தவே விடக் கூடாது. நான் வந்து ஊத்தறேன்!"

"மூடியை இறுக்காம" என்றது கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"இறுக்காம" என்று தலையசைத்தார் இன்ஸ்பெக்டர்.

வக்கீல் காலைத் தரையில் உதைத்துக்கொண்டு வெளியேறினார்.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சார்... கேஸ் முடிஞ்சா அவளைக் கம்பெனிக்காரங்க எடுத்துட்டுப் போயிடுவாங்களா? எவ்வளவு நாள்ல முடியும்?"

இன்ஸ்பெக்டர் ஃபிளாஸ்க்கை மேஜையின் நடுவுக்கு நகர்த்தினார்.

மீசை, இல்லாத மீசையைப் புறங்கையால் துடைத்தான். அப்படியே கண்ணையும்.

"கவலையே படாதீங்கம்மா... நம்ம கோர்ட்டுல கேஸ் முடியறதுக்குள்ள சிட்டுவுக்குப் பேரப் பிள்ளைங்களே பொறந்துடும்!"